தந்திக்காரர் வாங்கிய பம்ப்

ஸமீம் கொழும்பில், கொம்பனித்தெருவில் இருந்தார். வேலை வெள்ளவத்தையில். தந்திக் கந்தோரில் வந்து இறங்கும் தந்திகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். காக்கி உடுப்பு, தோளில் தோல் பை, கந்தோர் கொடுத்த சைக்கிள். பதினான்கு வருடமாக இதே வேலை, இதே லேன்கள்.

சைக்கிள் மணியை அடிக்கிற பழக்கத்தை 1984 அளவில் விட்டுவிட்டார். மணிச்சத்தம் கேட்டால் லேனில் உள்ள பெண்கள் கேற்றடிக்கு வந்து, அவர் எந்த வீட்டில் இறங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தங்கள் வீட்டைத் தாண்டிவிட்டார் என்றதும் அவர்கள் முகத்தில் வருகிற ஆறுதல் அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தந்தியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அவர் வேலை முடிந்தது. ஆனாலும் ஸமீம் உடனே திரும்புவதில்லை. பிரித்துப் படித்து முடியும்வரை சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நிற்பார். பக்கத்து வீட்டைக் கூப்பிடவேண்டி வரலாம், ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேண்டி வரலாம். இப்படி நில் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

1986 ஓகஸ்ட் மாதம், ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பின்னேரம் மூன்று தந்திகளோடு புறப்பட்டார். முதலாவது பாமன்கடையில். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்சில்லு நொடிக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தார். சோடாப் போத்தில் கண்ணாடித் துண்டு ஒன்று டயரில் ஏறியிருந்தது. பெரிய ஓட்டை இல்லை. காற்று மெல்ல மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தது. கையில் ஒரு பம்ப் இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி அடித்து அடித்து வந்துசேர்ந்திருக்கலாம். பம்ப் இல்லை. கந்தோரில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய பம்ப் ஒன்று இருந்தது, அது அங்கேயே இருக்கும்.

ஒட்டுப் போடுகிற கடை போயாவுக்குப் பூட்டிக் கிடந்தது. எதிரே தேத்தண்ணிக் கடை மட்டும் அரைக்கதவு திறந்திருந்தது.

"முதலாளி, பொம்பயக் தியனவத?" என்று, பம்ப் இருக்கிறதா எனச் சிங்களத்தில் கேட்டார்.

கடைக்காரர் கையை விரித்தார்.

சைக்கிளை விட்டுவிட்டு ஓடலாம் என்றால் அது அரசாங்கச் சொத்து. காற்றில்லாமல் ஏறி ஓடினால் றிம் வளைந்துவிடும். அப்படி வளைத்ததற்காக முன்பொருமுறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தார். தள்ளிக்கொண்டு நடந்தார். வழியில் இரண்டாவது தந்தியைக் கொடுத்தார். மூன்றாவது பெற்றர்சன் லேனில், நாகேஸ்வரி என்ற பெயருக்கு. அங்கே போய்ச் சேரும்போது ஐந்து பத்து.

நாகேஸ்வரி கணக்கு ரீச்சர். நாற்பத்தாறு வயது, கலியாணம் செய்யவில்லை. ஒரு பெரிய வீட்டின் பின்பக்க அனெக்ஸில் தனியாக இருந்தார். தாயும் ஒரேயொரு தமையன் யோகநாதனும் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்தார்கள்.

தந்தியில் இவ்வளவுதான் இருந்தது: "அம்மா கடுமை. உடன் வரவும். யோகன்."

அவர் படித்தார். வாசலில் நின்ற ஸமீமை விலத்திக்கொண்டு லேன் முனைக்கு ஓடினார். யாழ்ப்பாணத்துக்குப் போகிற வான் அங்கேயிருந்துதான் வெளிக்கிடும். ஸமீமும் பின்னால் போனார். வான் இல்லை. வெளிக்கிட்டுக் கால் மணித்தியாலம் ஆகிறது என்று மூலைக்கடைக்காரர் சொன்னார்.

"நாளைக்கும் இருக்குத்தானே, ரீச்சர். விடிய முந்தி வந்து நில்லுங்கோ" என்றார் அவர்.

மறுநாள் வான் வவுனியா வரைக்கும்தான் போனது. அதற்கப்பால் எங்கேயோ சண்டை, பாதையை மூடிவிட்டார்கள். நாகேஸ்வரி வவுனியாவில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நான்காம் நாள் ஸமீம் இரண்டாவது தந்தியோடு வந்தார். அம்மா காலமானார், கிரியை இன்று.

நாகேஸ்வரி அதைக் கேற்றடியில் நின்றே படித்தார். அழவில்லை. உள்ளே போய் முதல் தந்தியை எடுத்துவந்து, அதில் எழுதியிருந்த நேரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இது உங்கட கந்தோருக்கு வந்தது மூண்டு நாப்பதுக்கு எண்டு போட்டிருக்கு."

"ஓம் ரீச்சர்."

"என்னட்ட வரேக்க அஞ்சு பத்து."

"சைக்கிளுக்குக் காத்துப் போன, ரீச்சர். போயாண்டு கடையெல்லாம் பூட்டு. தள்ளிக்கொண்டுதான் வந்த."

நாகேஸ்வரி சைக்கிளைப் பார்த்தார்.

"ஒரு பம்ப் வச்சிருக்கேலாதே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம், கோடு போட அடிமட்டம் கொண்டுவரவில்லையா என்று கேட்பதுபோலக் கேட்டார். வழக்கம்போல வாசலில் நிற்க ஸமீமால் முடியவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே இருந்தார். மனைவி பலீலா விடயத்தைக் கேட்டு அறிந்தாள்.

"ஒங்கட பிழையா அது? கந்தோரால பம்ப் தாறல்லயே."

"கேட்டிருக்கேலுமே. பதினாலு வருஷத்துல ஒருநாளாவது கேட்டேனா?"

மறுநாள் கேட்டார். கந்தோரில் பம்ப் இருக்கிறதுதானே, வந்து அடித்துக்கொண்டு போகலாம்தானே என்றார் தபாலதிபர். வழியில் காற்றுப் போனால் கந்தோருக்கு எப்படி வருவது என்று ஸமீம் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அங்கே லூசியா கோயிலுக்குக் கிட்ட நிக்கலஸ் சைக்கிள் கடை வைத்திருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பூசை முடிந்து வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு கடையின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

"பம்ப்தானே, ஒண்ண எடுத்துக்கிட்டுப் போ மச்சான். இதுக்குப் போயி மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்க?"

ஸமீம் நடந்ததைச் சொன்னார். நிக்கலஸ் பகிடியை நிறுத்தினான். மூன்று பம்புகளை எடுத்து நடைபாதையில் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஸமீமின் பின்சில்லில் இருந்த காற்றை முழுதாகத் திறந்துவிட்டான்.

"நீயே அடிச்சுப் பாரு. கடைக்குள்ள அடிக்கிறது வேற, ரோட்டுல நின்னு அடிக்கிறது வேற. வெயில்ல நிப்ப, அவசரத்துல நிப்ப, கை நடுங்கும். அதுல எது சரிவருதோ அதத்தான் வாங்கோணும்."

முதலாவது நீளமான இரும்புப் பம்ப். சைக்கிள் சட்டத்தில் கொளுவி வைப்பது. நாற்பது அடியில் டயர் கல்லுப்போல ஆகிவிட்டது. ஸமீமுக்கு அதுவே போதும் என்று பட்டது.

"போதும்தான். ஆனா நீ ப்ளாட்ல மூணாம் மாடிக்கு ஏறி எறங்குறதுக்குள்ள இத எவனாச்சும் கழட்டிருவான். கையில தூக்கிக்கிட்டு ஏறுவியா?"

இரண்டாவது சட்டைப் பைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக் பம்ப். பாரமே இல்லை. ஸமீம் குந்தியிருந்து அடித்தார். இருநூறு தாண்டியும் பெருவிரலால் அழுத்தினால் டயர் அமுங்கியது. பம்பைப் பிடித்த கை சுட்டது. அதற்குக் குழாய் கிடையாது; நேரே வால்வில் திருகவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஆடியது.

"பத்துத்தரம் இப்பிடி ஆடினா வால்வு டியூபோட கிழிஞ்சிரும். காத்தடிக்கப் போயி ஓட்டய நீயே போடுவ" என்றான் நிக்கலஸ்.

மூன்றாவதை அவன் ஆணியில் இருந்து கழற்றித் தூசு தட்டித்தான் கொண்டுவந்திருந்தான். பித்தளை. ஒன்றரைச் சாண் நீளம். பாரம் என்று ஒருவரும் வாங்காமல் கிடந்தது. துணி சுற்றிய சின்னக் குழாய் பிடிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. குழாயை வால்வில் திருகிவிட்டுப் பம்பை நிலத்தில் ஊன்றி உடம்புப் பாரத்தால் அமுக்கலாம். வால்வு அசையாது. தொண்ணூறு அடியில் டயர் ஏறிவிட்டது.

"உள்ள தோல் வாசர். காயவிடாத. வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ண விடு. விட்டா ஒன் காலத்துக்கும் நிக்கும்."

ஸமீம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்திருந்தது. நிக்கலஸுக்குத்தான் யோசனை வந்தது.

"பித்தளைக் குழாய் மச்சான். பைக்குள்ள வச்சிருந்தா ஆமிக்காரன் என்ன நெனப்பான்?"

அந்த மே மாதம்தான் கோட்டையில் மத்திய தந்திக் கந்தோரில் குண்டு வெடித்திருந்தது. அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் காக்கி உடுப்பைப் பார்த்து ஒருவரும் விட்டுவிடுவதில்லை. தந்திப் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். நிக்கலஸின் மனைவி மெற்றில்டா வந்து விடயத்தைக் கேட்டுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பையின் வெளிப்பக்கத்தில் தடித்த துணியால் இரண்டு வளையம் தைத்துக் கொண்டுவந்தாள். பம்ப் அதற்குள் நின்றது. தூரத்தில் வரும்போதே அது பம்ப் என்று எவருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் ஆறேழு தரம் வழியில் காற்றுப் போனது. ஒவ்வொரு தரமும் ஸமீம் ஓரமாக இறங்கி அடித்துக்கொண்டு நேரத்துக்குப் போனார். நேரத்துக்குப் போய்க் கொடுத்த தந்திகளில் நல்ல செய்தி அதிகம் இருக்கவில்லை.

நாகேஸ்வரியிடம் அவர் பம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே ஒருநாள் கண்டார். பக்கத்து வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வரும்போது கேற்றடியில் நின்றவர், பையைப் பார்த்தார்.

"வாங்கிட்டியளோ?"

"ஓம் ரீச்சர்."

"நல்லது." கேற்றைத் திறந்து கிட்ட வந்தார். "நான் அண்டைக்குக் கேட்டது பிழை, தம்பி. அந்த வான்காரன் வழக்கமா ஆறு மணிக்குத்தான் எடுக்கிறவன். அண்டைக்கு ஆக்கள் நிரம்பினவுடன வெள்ளன எடுத்திட்டான். உங்கள மட்டும் சொல்லி என்ன?"

ஸமீம் தலையாட்டினார். ஆனால் அவருக்குக் கணக்குத் தெரியும். பம்ப் இருந்திருந்தால் வெள்ளென எடுத்த வானுக்கும் அரை மணித்தியாலம் முன்பே வந்திருப்பார்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கேற்றைக் கடக்கும்போது இரண்டொரு வார்த்தை கதைப்பார்கள். தமையன் இப்போது தனிய இருப்பதாகவும், கொழும்புக்கு வரச்சொன்னால் வீட்டை ஆர் பார்க்கிறது என்று எழுதுவதாகவும் அவர் சொல்லுவார். ஸமீம் பலீலாவின் மூச்சு முட்டு வருத்தத்தைப் பற்றிச் சொல்லுவார். ஒருமுறை நாகேஸ்வரி, கோயிலில் கிடைத்த கற்கண்டைத் தாளில் சுற்றிப் பலீலாவுக்கென்று கொடுத்துவிட்டார்.

1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியது. அங்கேயிருந்து தந்தி வருவது ஒரேயடியாக நின்றது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. வெள்ளவத்தை முழுவதும் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸமீமின் பையில் கண்டியில் இருந்தும் காலியில் இருந்தும் வந்த ஒன்றிரண்டு தந்திகள்தான் கிடந்தன.

முன்பு அவர் வருவதைக் கண்டு பயந்தவர்கள் இப்போது அவரை மறித்தார்கள்.

"எங்களுக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லம்மா. ஒருத்தருக்கும் வரல்ல. கம்பி அறுந்து கிடக்காம்."

"கந்தோரில வச்சுக்கொண்டு தராமல் இருக்கினமோ?"

"அல்லாஹ்வுக்காகச் செல்றன், வந்தா நான் வச்சிருப்பேனா?"

நாகேஸ்வரி மறிக்கமாட்டார். பள்ளிக்கூடத்தால் வந்து சேலையும் மாற்றாமல் கேற்றடியில் நிற்பார். ஸமீமைக் கண்டதும் அவர் முகத்தைப் பார்ப்பார். ஸமீம் இல்லை என்று தலையை ஆட்டுவார். அவர் உள்ளே போய்விடுவார். இரண்டு மூன்று நாள் ஸமீம் அந்த லேனுக்குள் போகாமல் சுற்றிப் போய்ப் பார்த்தார். அவர் இருட்டும்வரை நின்றதாக மூலைக்கடைக்காரர் சொன்னபிறகு அதையும் விட்டுவிட்டார். தந்தி இல்லாவிட்டாலும் தினமும் ஒருமுறை அந்தக் கேற்றைக் கடந்து தலையாட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, தந்திகள் வந்தன. பல நாளாகத் தேங்கியிருந்தவை எல்லாம் ஒன்றாக. இரண்டு கிளாக்கர்மார் இருந்து எழுதி உறையிலிட்டார்கள். ஸமீமின் பங்கு முப்பதுக்கு மேல். பை மூடவில்லை. காலி வீதியில் இருந்து பெற்றர்சன் லேனுக்குத் திரும்புகிற இடத்தில் பின்சில்லுக்குக் காற்றுப் போனது.

மதிலோரமாக நிறுத்தி, பம்பை எடுத்துக் குழாயைத் திருகினார். பத்து அடி அடித்திருக்கமாட்டார். முதல் வீட்டுப் பெண் வெளியே வந்தாள். பையைக் கண்டாள். "தந்தி வந்திட்டுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் லேன் முழுவதும் திறந்தது. சோறு பிசைந்த கையோடு வந்தார்கள். குளித்த தலையோடு வந்தார்கள். அவரைச் சுற்றி நெருக்கி நின்று ஆளாளுக்குப் பெயரைச் சொன்னார்கள். சைக்கிள் சரியப் பார்த்தது. நாகேஸ்வரி கூட்டத்துக்குள்ளால் வந்து ஹாண்டிலைப் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தார்.

"பாருங்கோ தம்பி, எங்கட பேர் இருக்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

"வீட்டுக்கு வந்துதான் தரோணும். ரோட்டுல தந்தா எனக்கு வேலை போகும்" என்றார் ஸமீம். சொல்லிக்கொண்டே காற்றடித்தார். ஒரு கிழவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஸமீம் பம்பை நிலத்தில் வைத்தார். பையைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை வாசிக்கத் தொடங்கினார்.

பெரும்பாலானவற்றில் "சுகம்" என்றுதான் இருந்தது. "எல்லோரும் சுகம், கோயிலில் இருக்கிறோம்." "பிள்ளைகள் சுகம்." பெண்கள் ரோட்டில் குந்தி இருந்து அழுதார்கள். முன்பின் கதைத்திராத இருவர் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த லேனுக்கு உரியவை முடிந்துவிட்டன. நாகேஸ்வரிக்கு ஒன்றும் இல்லை. ஸமீம் மிச்சம் இருந்தவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை. நாகேஸ்வரி ஹாண்டிலைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காணும் தம்பி, இனித் தேட வேண்டாம். காத்தை அடிச்சுக்கொண்டு போங்கோ. அங்காலயும் சனம் பார்த்துக்கொண்டிருக்கும்" என்றார்.

மிச்சக் காற்றை அடித்து முடியும்வரை சைக்கிளை விடாமல் பிடித்திருந்தார்.

அன்று ரோட்டில் கொடுத்ததில் ஒரு பிழை நடந்துவிட்டது. அந்த லேனில் இராசரத்தினம் என்ற பெயரில் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், மற்றவர் வங்கியில் வேலை. மகன் இறந்துபோனான் என்ற தந்தி வங்கிக்காரருக்கு உரியது. ஸமீம் அதை எஞ்சினியரின் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு மகன் இருந்தான். விலாசத்தைச் சரியாகப் பார்க்கும்வரை அரை மணித்தியாலம் அந்த வீட்டில் ஒப்பாரி. பிறகு அதை எஞ்சினியரே கொண்டுபோய் மற்ற வீட்டில் கொடுக்கவேண்டி வந்தது. ஸமீம் வழக்கம்போல வாசலில் நின்றிருந்தால் உறையைத் திருப்பிப் பார்த்திருப்பார். அன்று அவர் ஒரு வாசலிலும் நிற்கவில்லை.

எஞ்சினியர் முறைப்பாடு எழுதினார். விசாரணை வைத்தார்கள். ஸமீம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஜனவரியில் இருந்து ஹெந்தளைக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது.

அதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் நடுவில், நாகேஸ்வரி வெள்ளைச் சேலையோடு கேற்றடியில் நின்றார். ஸமீம் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அவர் உள்ளே போகவில்லை. கிட்ட வரும்படி கையைக் காட்டினார்.

"அண்ணா இல்லை, தம்பி."

ஸமீம் சைக்கிளால் இறங்கினார்.

"ஒக்டோபரிலயே முடிஞ்சுது. முத்தத்தில ஷெல் விழுந்ததாம். அயலட்டைச் சனம் வளவுக்கயே வச்சு எரிச்சவையாம். கொக்குவிலால லொறியில வந்த ஒராள் முந்தநாள்தான் சொன்னவர். அவரும் நான் அறிஞ்சிருப்பன் எண்டுதான் நினைச்சவர்."

"தந்தி ஒண்டு அடிச்சிருக்கேலுமே, ரீச்சர்."

"ஆர் அடிக்கிறது? எனக்குத் தந்தி அடிக்கிறவர் அவர் ஒராள்தானே." கேற்றில் கையை ஊன்றினார். "இனி எனக்கு ஒண்டும் வராது. நீங்கள் இதால வரேக்க எனக்காகத் தலையை ஆட்டத் தேவையில்லை. உங்களுக்கும் அது கஷ்டம்."

அவர் அப்படிச் சொன்ன பிறகும் ஸமீம் உடனே போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி பத்து நிமிடமளவில் நின்றார். அவரும் நின்றார். பிறகு கந்தோருக்கு நேரமாகிவிட்டது.

ஹெந்தளைக்குப் போனபிறகு, தைப்பொங்கலுக்கு ரீச்சருக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அடிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பலீலாவிடம் சொன்னார்.

"தந்தியா? கேற்றடியில தந்திக்காரனக் கண்டா அந்த மனுசிக்கு உசிர் போயிரும். கார்ட் ஒண்டு எழுதுங்க" என்றாள்.

போஸ்ற்கார்ட் எழுதினார். பொங்கல் வாழ்த்து, ஸமீம், பலீலா. மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. கிடைத்தது, சுகமாக இருக்கிறேன், உங்கள் மனைவியின் முட்டு எப்படி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எழுதினார். நாகேஸ்வரியும் ஒவ்வொரு வருடமும் இரண்டு வரி எழுதினார்.

1991இல் எழுதிய கார்ட் திரும்பி வந்தது. பெறுநர் இல்லை என்று சிங்களத்தில் முத்திரை குத்தியிருந்தது. அடுத்த ஞாயிறு ஸமீம் வெள்ளவத்தைக்குப் போனார். அனெக்ஸில் வேறு குடும்பம் இருந்தது. ரீச்சர் வருத்தமாக இருந்ததாகவும், களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததாகவும், பிறகு தங்களுக்குத் தெரியாதென்றும் வீட்டுக்காரர் சொன்னார்.

ஸமீம் அங்கிருந்து களுபோவிலவுக்குப் போனார். பெயரைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. வார்ட் வார்ட்டாகச் சிங்களத்தில் விசாரித்துக்கொண்டு போனார். பின்னேரமளவில் ஒரு தாதி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவைத் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றாள். பார்க்க ஒருவரும் வரவில்லை. கார்த்திகை மாதம், வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். எங்கே போனார் என்று எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பலீலா கதவடியில் நின்றாள்.

"கண்டீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரியால துண்டு வெட்டிப் போயிருக்காங்க."

"ஆரு வந்து கூட்டிக்கொண்டு போன?"

"ஒருத்தருமில்ல. தனியத்தானாம், பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனவங்களாம்" என்றார் ஸமீம்.